வெள்ளைக்கழிச்சலும் ஊர்க்கூட்டுத் தடுப்பும்

ஏலகிரி மலைமீது அத்தனாவூர், நிலாவூர் முதலிய சிற்றூர்களில் நாட்டுக்கோழி வளர்ப்போர் பலர் உளர். முட்டை விற்ற காசு கைச்செலவுக்கும், சேவல் விற்ற பணம் அவசரத்துக்கும் உதவும். இச்சிறு செல்வம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. வெள்ளைக்கழிச்சல் கண்டால் சில நாட்களில் கூடே காலியாகிவிடும்.

இவ்வியாதி 1926ஆம் ஆண்டில் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 1927இல் இமயமலைப் பிரதேசத்து ராணிகேத்தில் கண்டறியப்பட்டமையால், இங்கு ராணிகேத் வியாதி எனப் பெயர் பெற்றது. பெயரைக் கேட்டு நமது ராணிப்பேட்டையோடு மயங்குவோர் உண்டு. வியாதியின் பெயர் வடநாட்டு ஊரினது. அதைத் தடுக்கும் மருந்தே ராணிப்பேட்டையில், 1932இல் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது.

நோயுற்ற கோழி இரையெடாது, இறகு தொங்க உறங்கி நிற்கும்; வாய் திறந்து மூச்சு வாங்கும்; வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். சிலவற்றிற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. நோய் புகுந்தபின் ஊசி போடுவதால் நோயுற்ற கோழி பிழைக்காது. ஊசிமுனை வழியே நோய் பரவவும் கூடும். ஆகையால் கோடைக்கு முன்னரே தடுப்பது அவசியம்.

குஞ்சுகளுக்கு ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். எட்டாவது வாரத்தில் ஆர்.2.பி. மருந்தை அரை மில்லி வீதம் இறக்கையடித் தோலில் குத்தவேண்டும். இளங்குஞ்சுகளுக்கு இப்பின்னைய மருந்து ஆகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்குதல் நலம்.

இம்மருந்து உயிருள்ளது, வெப்பத்தில் மடியும். மலையடிவாரத்திலிருந்து 14 கொண்டையூசி வளைவுகள் ஏறி வரும்போது பனிக்கட்டியிட்ட பிளாஸ்கிலேயே கொண்டுவரவேண்டும். கரைத்த மருந்தை நிழலில் குளிர்ச்சியாக வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் செலவிடவேண்டும்.

இங்கேதான் ஊர்க்கூட்டின் பயன் விளங்கும். ஒரு குப்பி மருந்து பொதுவாக 100 கோழிகளுக்கு உரியது. பத்துக் கோழி உடையவர் தனியே திறந்தால் எஞ்சியது வீணாகும். அவர் ஒருவர் போட்டுக்கொண்டாலும் அண்டை வீட்டு நோய், ஊசி போடாத அவரது இளங்குஞ்சுகளைப் பற்றும். பத்து வீட்டார் ஒரே காலையில் கூடினால் குப்பியும் வீணாகாது, ஊரும் காக்கப்படும்.

ஆதலால் கிராம அதிகாரிகள் வீடுதோறும் கோழிக் கணக்கெடுத்து, கால்நடை மருந்தகத்தாருடன் கலந்து நாள் குறிப்பாராக. அன்று விடியுமுன் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தில் அடைத்து வைக்கும்படி முன்னாளே அறிவித்தல் வேண்டும். நோயுற்ற கோழிகளுக்கு ஊசி போடலாகாது.

தடுப்பு மருந்து சுத்தத்துக்கு ஈடாகாது. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தே மந்தையில் சேர்க்கவேண்டும். செத்ததை ஓடையில் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். நோய் கண்ட கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புதல், நம் நஷ்டத்தை அடுத்த ஊருக்கு அனுப்புவதேயாகும்.