பன்றிக்குச் சினை ஊசி: நேரம் தப்பினால் 21 நாள் போச்சு

இயற்கை வழிப் பண்ணையில் சினை ஊசி போடலாமா? போடலாம். நம் நாட்டு அங்கக உற்பத்தித் தரநிலை செயற்கைமுறைக் கருவூட்டலை ஏற்கிறது. ஹார்மோன் போட்டு மொத்தப் பன்றிகளையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவருவதைத்தான் ஏற்பதில்லை. ஆகவே நமக்கு நம்ம கண்ணும் கையும்தான் கருவி.

தாய்ப்பன்றி 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு மூன்று நாள் நீடிக்கும். பிறப்புறுப்பு சிவந்து வீங்கும், தீவனத்தில் நாட்டம் குறையும், கத்தும், மற்ற பன்றி மேல் தாவும். இதெல்லாம் முன்னறிவிப்புதான்; இதைப் பார்த்ததும் ஊசிக்கு ஓடக் கூடாது. முதுகின் பின்பகுதியைக் கையால் அழுத்துங்கள். காதை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் அதுதான் சரியான பருவம். எதிரே ஆண் பன்றி இருந்தால் இன்னும் தெளிவாக நிற்கும். காலை, மாலை இரண்டு வேளையும் பார்க்கணும்.

அப்படி நிற்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாள் கழித்துத்தான் முட்டை வெளிவரும். விந்தணுவோ உள்ளே போய் ஒரு நாள் அளவுக்குத்தான் வீரியத்தோடு இருக்கும். அதனால் ஏற்கெனவே ஈன்ற பன்றிக்கு, நின்ற வேளையிலிருந்து 24 மணி நேரம் கழித்து முதல் தடவை, 12 மணி நேரம் விட்டு இரண்டாம் தடவை. முதன்முறை சினைக்குப் போகும் இளம் பன்றிக்குப் பருவம் சீக்கிரம் முடிந்துவிடும். 12 மணி நேரத்திலேயே தொடங்கிவிடலாம்.

ஊசி என்கிறோமே தவிர, இதில் குத்துவது ஏதுமில்லை; குழாய்தான். திருகு முனைக் குழாயை மேல்நோக்கிச் சாய்த்து நுழைத்து, இடப்பக்கமாகத் திருகினால் கருப்பை வாயில் பிடித்துக்கொள்ளும். 80 முதல் 100 மில்லி விந்துத் திரவத்தைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். கருப்பை தானே உறிஞ்சும், 5 முதல் 10 நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் பாதி வெளியே வழிந்துவிடும். மாட்டு விந்துபோல உறைய வைத்து வருவதில்லை. 15 முதல் 18 டிகிரியில் வைக்க வேண்டும். வீட்டு பிரிட்ஜில் வைத்தால் அந்தக் குளிரிலேயே விந்தணு செத்துப்போகும்.

கணக்குக்கு வருவோம். ஒரு பருவம் தப்பினால் 21 நாள் சும்மா தீனி. நாளுக்கு இரண்டரை கிலோ என்றாலும் 50 கிலோவுக்கு மேல். வங்கியில் இதை வாராக்கடன் என்போம். மறுபுறம், நாலைந்து தாய்ப்பன்றி வைத்திருப்பவர் அதற்காக ஒரு ஆண் பன்றியை வருஷம் முழுக்கத் தீனி போட்டு வளர்ப்பதும் கட்டுப்படியாகாது. ஒருமுறை எடுக்கும் விந்தில் பத்துக்கு மேல் பங்கு கிடைக்கும். அசாமில் ராணி என்ற ஊரில் உள்ள தேசிய பன்றி ஆராய்ச்சி மையம் சிறு பண்ணைகளிடம் இந்த முறையைக் கொண்டுசேர்த்ததும் இதனால்தான்.

யாரிடமோ கிடைத்தது என்று விந்து வாங்காதீர்கள். பன்றிக் காய்ச்சல் விந்து வழியாகவும் பரவும். கோடை வெயிலில் வாடிய ஆண் பன்றியின் விந்துத் தரம் ஐந்தாறு வாரம் கழித்தும் சரிந்தே இருக்கும். மே மாத வெயிலின் பாதிப்பு ஜூனிலும் தெரியும்.

போட்ட தேதியைச் சுவரிலாவது எழுதி வையுங்கள். 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை மறுபடி முதுகை அழுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் சினை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். 114ஆம் நாளை எண்ணிக் குறித்து, ஒரு வாரம் முன்பே ஈனும் கொட்டிலைத் தயார் செய்யலாம்.