புறாக் குஞ்சுகளின் வளர்ச்சியும் குடல் நலமும்

புறா வளர்ப்பு சிறிய இடத்திலும் குறைந்த முதலிலும் நடத்தக்கூடிய தொழிலாகும். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட கோலார் தங்கவயல் போன்ற ஊர்களில், வீட்டு முற்றத்திலேயே சிறு வருவாய் தேடும் குடும்பங்களுக்கு இத்தொழிலை எடுத்துரைக்கும் வாய்ப்பு களப் பணியாளருக்கு நேரலாம். அப்பொழுது எழும் முதல் வினா, குஞ்சுகள் விரைந்து பெருக்க எந்த மருந்தைத் தீனியில் கலக்கலாம் என்பதே. இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து தீனியில் புகுந்த வரலாறு

1950ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் அறிஞர் இருவர், ஆரியோமைசின் தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தின்ற கோழிக் குஞ்சுகள் மிகுதியாக எடை கூடுவதைக் கண்டனர். அதன் பின்னர், ஆன்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர் மருந்துகளைச் சிறு அளவில் நாள்தோறும் தீனியில் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. ஆயின், சிறு அளவு மருந்து எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. தாங்கி நிற்கும் கிருமிகள் பெருகி, மனிதருக்கும் அம்மருந்து பயனற்றதாகிவிடுகிறது. ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும், வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கலப்பதைத் தடை செய்தன. பிற மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்கு இறுதியாக அளிக்கப்படும் கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019இல் தடுத்தது.

புறாவின் தனி இயல்பு

கோழிக் குஞ்சு பொரித்த அன்றே தானே இரை பொறுக்கும். புறாக் குஞ்சோ கண் திறவாமல் பிறந்து, பெற்றோரை நம்பியே வாழும். தாயும் தந்தையும் ஆகிய இரண்டின் தீனிப்பையிலும் சுரக்கும் 'புறாப் பால்' அதன் முதல் உணவாகும். இதில் புரதமும் கொழுப்பும் மிகுதி. நோய் தடுக்கும் பொருள்களும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் இதில் உண்டு. முதல் சில நாட்கள் இதுவொன்றே உணவு. பின்னர் ஊறிய தானியம் சிறிது சிறிதாகக் கலக்கப்படும். ஏறத்தாழ நான்கு வாரத்தில் குஞ்சு விற்பனைக்கு ஏற்ற எடையை அடைகின்றது.

ஆகவே குஞ்சின் குடல் நலம் பெற்றோரின் தீனிப்பையில் தொடங்குகின்றது. பெற்றோருக்குக் காரணமின்றி மருந்து கொடுத்தால், குஞ்சுக்குச் செல்லவேண்டிய நல்ல நுண்ணுயிர்களும் அழியக்கூடும். மேலும், நார்ப்பொருள் புளிக்கும் இடமான குருட்டுக் குடல் கோழிக்குப் பெரிது. புறாவுக்கோ மிகச் சிறிது. எனவே கோழியில் கண்ட பயன்களை அப்படியே புறாவுக்கும் உரியவையாகக் கூறலாகாது.

முதலில் செய்யத்தக்கவை

1. தீனி பூஞ்சை பிடிக்காததாக இருத்தல் வேண்டும். மக்காச்சோளம், சோளம், கேழ்வரகு ஆகியவற்றுடன் ஏறத்தாழ கால் பங்கு பயறு சேர்க்கலாம்.

2. குடிநீர்ப் பாத்திரத்தை நாள்தோறும் கழுவி, எச்சம் விழாதவாறு மூடி வைக்க வேண்டும்.

3. இரையை அரைப்பதற்குப் புறா சிறு கற்களை விழுங்கும். சயனைடு முறையில் தங்கம் பிரித்தபின் குவிக்கப்பட்ட சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து இதற்கென மண் எடுத்தல் கூடாது. தூய பருமணலும் உடைத்த சிப்பியும் கொடுக்கலாம்.

4. கூட்டில் நெருக்கம் கூடாது. புதிதாக வாங்கிய புறாக்களை நான்கு வாரம் தனித்து வைக்க வேண்டும்.

துணைப் பொருள்கள்

லாக்டோபாசில்லஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்கள், ஈஸ்ட்டின் புறச்சுவர்ப் பொருள்கள், கரிம அமிலங்கள், பூண்டு, மஞ்சள், தைமோல் அடங்கிய ஓமம் முதலியன மாற்றுப் பொருள்களாக ஆராயப்படுகின்றன. அமிலம் தீய கிருமிகளின் பெருக்கத்தைக் குறைக்கும்; நல்ல நுண்ணுயிர் குடலில் அவற்றிற்கு இடம் தராது. ஆயினும் இவற்றின் பயன் இடத்திற்கும் தீனிக்கும் ஏற்ப வேறுபடும். அழுக்கான கூட்டில் எதுவும் பயன் தராது. காடி கலந்த நீரைத் துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் வைத்தலாகாது. அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

நோய் கண்டால்

மருந்தே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. தொண்டையில் மஞ்சள் படிவு, கழிச்சல், மெலிவு ஆகியன தோன்றினால், எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் சோதிக்கச் செய்க. இவற்றுள் பல, நுண்ணுயிர் எதிர் மருந்துக்குக் கட்டுப்படாத ஒட்டுண்ணிகளாலும் வைரசுகளாலும் வருவன. மருத்துவர் மருந்து எழுதித்தரின், சொன்ன நாள் முழுவதும் கொடுத்து, அவர் குறிக்கும் இடைவெளி கழிந்த பின்னரே பறவையை உணவுக்கு விற்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு செயல்முறை

ஆறு இணைகள் கொண்ட இரு கூட்டங்களை ஒரே தீனியில் வைத்து, ஒன்றிற்கு மட்டும் ஏதேனும் ஒரு துணைப் பொருளைத் தருக. குஞ்சுகளை 7, 14, 21, 28ஆம் நாட்களில் எடை போட்டு, இறப்பையும் தீனிச் செலவையும் பதிவு செய்க. இரு கூட்டங்களின் எடைகளும் ஏறக்குறைய ஒத்திருப்பின், அப்பொருளுக்குச் செலவிட்ட பணம் வீண் என மாணவர்களே முடிவு கூறுவர். எடை மிகுந்தாலும், ஒரு முறை கண்டதை உறுதி எனக் கொள்ளாது, அடுத்த ஈட்டிலும் சோதித்தல் வேண்டும். விற்பனையாளர் சொல்லைவிடத் தராசின் சொல்லே நம்பத்தக்கது என்பதை அவர்கள் இதனால் அறிவர்.