ஸ்பேம் மெயில்: செர்வரில் தடுப்பதா, கம்ப்யூட்டரில் தடுப்பதா?

வேண்டாத மெயில்களை இரண்டு இடங்களில் தடுக்கலாம். ஜிமெயில் போன்ற சேவைகள் தங்கள் செர்வரிலேயே அவற்றைப் பிரித்து ஸ்பேம் ஃபோல்டரில் போட்டுவிடும். தண்டர்பேர்ட் போன்ற மெயில் புரோகிராம்களோ, மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகுதான் சலிக்கும். நீங்கள் குப்பை என்று காட்டிக்கொடுப்பதை அது கற்றுக்கொள்ளும். ஆனால் அந்தப் பாடம் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு சரி. போனில் மெயில் பார்த்தால் பயனில்லை.

செர்வரில் தடுப்பதே என் சிபாரிசு. கோடிக்கணக்கானோருக்கு வரும் மெயில்களை அது பார்ப்பதால் மோசடிகளைச் சீக்கிரம் இனம் காணும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊரான காமயகவுண்டன்பட்டியில் திராட்சை விவசாயி ஒருவர், வியாபாரியின் ஆர்டர் மெயிலை எதிர்பார்த்து நான்கு நாள் தண்டர்பேர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இணைத்திருந்தது பாப் முறையில். அதில் ஸ்பேம் ஃபோல்டர் இறங்காது. ஆர்டரோ செர்வரின் ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தது! பழுத்த திராட்சை காத்திருக்குமா?

எனவே அக்கவுண்ட்டைச் சேர்க்கும்போது ஐமேப் முறையைத் தேர்வு செய்யுங்கள். ஸ்பேம் ஃபோல்டரும் தெரியும். ஜிமெயில் அதில் உள்ளவற்றை 30 நாட்களில் அழித்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நல்ல மெயில் சிக்கியிருந்தால், பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து 'நாட் ஸ்பேம்' பட்டனை க்ளிக் செய்யுங்கள். முக்கியமானவரின் முகவரிக்கு அங்கேயே ஒரு ஃபில்டர் அமைத்து, 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதை டிக் செய்துவிடுங்கள்.