ஆங்கில வகுப்பும் எங்கள் கிணற்று நீரும்

பிறமொழியொன்றைக் கற்பித்தலாவது அம்மொழியின் சொற்களைக் கொடுத்தல் மாத்திரமன்று. அச்சொற்களாற் பேசத்தக்க பொருளைக் கொடுத்தலுமாம். ஆங்கிலம் எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டாம் மொழியென வழங்கினும், கிராமத்துப் பிள்ளைக்கு அது வகுப்பறை வாயிலோடு நின்றுவிடும் அந்நிய மொழியே. பனிமழையைப் பற்றி ஆங்கிலத்தில் வாசிக்கும் மாணாக்கன் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி மூன்று வாக்கியம் எழுத இயலாது நிற்பானாயின், குறை அவனிடத்ததன்று.

சுற்றாடற் கல்வி எல்லாப் பாடங்களினூடும் பரவி நிற்றல் வேண்டுமென்பது 1977ஆம் ஆண்டு திபிலிசி நகரில் நடைபெற்ற உலக மகாநாட்டின் துணிபு. ஆங்கில ஆசிரியர் இதற்குப் புறம்பானவரல்லர். எனினும் அவர் தொலைதூரக் காடுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பாடம் கிணற்றடியிலேயே இருக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள பாரங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராயும் ஆழத்து நீர் உவராயும் இருத்தல் யாவரும் அறிந்ததே. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நிற்குமாயின், அம்மட்டத்தின் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்குமென்பது விஞ்ஞானக் கணக்கு. ஆகவே மேல்நீர் 1 அடி நிலையாகக் குறையின், உவர்நீர் 40 அடிவரை மேலெழ இடமுண்டு. மேலும், தோட்டத்துக்கு இடும் உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரிற் கலக்கின்றது. குடிநீர் லீற்றரொன்றில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்துள்ளது. மிகுந்த நைத்திரேற்றுள்ள நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் கைக்குழந்தைக்கு அது உயிராபத்தும் விளைக்கலாம்.

இதனை மொழிப்பாடமாக்குவது எங்ஙனம்? முதலாவதாக, கண்ணாடிக் குவளையொன்றில் உப்புநீரை ஊற்றி, அதன்மேல் நிறமூட்டிய நன்னீரைக் கரண்டி வழியே மெல்ல வார்க்கச் செய்க. மிதத்தல், தாழ்தல், கசிதல், கலத்தல் என்னும் வினைகளுக்குரிய ஆங்கிலச் சொற்கள் கண்முன்னே பொருள் பெறும். இரண்டாவதாக, “மிகுதியாக இறைத்தால் என்ன நிகழும்?” எனும் வினா, மாணாக்கர் இடர்ப்படும் நிபந்தனை வாக்கியங்களுக்குத் தக்க பயிற்சியாகும்.

மூன்றாவது பயிற்சியே எல்லாவற்றிலும் சிறந்தது. “கிணறு மாசுபடுத்தப்பட்டது” எனச் செயப்பாட்டு வினையில் எழுதுதல் எளிது. அங்கே செய்தவன் மறைந்து கொள்கின்றான். அவ்வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றுக என்றதும் எழுவாய் ஒன்று வேண்டப்படும். யார் மாசுபடுத்தினார்? தோட்டக்காரரா? கிணற்றுக்கு அண்மையில் மலக்குழி வெட்டிய வீட்டாரா? எழுவாயைத் தேடிச் செல்லும் மாணாக்கன் ஈற்றில் “நாம்” என எழுதவும் கூடும். இலக்கணமும் அறமும் ஓரிடத்திற் சந்திப்பதை அங்கே காண்கிறோம்.

ஈண்டு இரு எச்சரிக்கைகள் கூறுதல் தகும். ஆசிரியர் தமிழில் நீண்ட உபதேசம் நிகழ்த்துவாராயின் ஆங்கிலப் பாடம் அழிந்துபோம், பேசவேண்டியவர் மாணாக்கரே. அன்றியும், வகுப்பில் தோட்டக்காரரின் பிள்ளையும் இருக்கின்றான். உரமின்றேல் வெங்காயம் விளையாது, விளையாவிடிற் கடன் தீராது என்னும் அவனது தந்தையின் நியாயமும் ஆங்கிலத்தில் ஒலித்தல் வேண்டும். தீர்ப்பை முன்னரே எழுதி வைத்த வகுப்பில் விவாதமும் இல்லை, மொழி வளர்ச்சியும் இல்லை.

எங்கள் நிலத்தடி நீரைப் பற்றிய ஆராய்ச்சிகளிற் பல ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றை வாசித்து, அன்று மாலையே தாய்தந்தையர்க்குத் தமிழில் எடுத்துரைக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் இனி அந்நிய மொழியன்று. பொறியியலாளராயும் வைத்தியராயும் விளங்கும் பழைய மாணவர்கள், தாம் அறிந்த இத்தகைய அறிக்கையொன்றை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கமாகச் சுருக்கிக் கல்லூரிக்கு அளிப்பாராயின், அது கட்டட நிதிக்குக் குறையாத கைம்மாறாகும்.