துளசி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

துளசி, புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. நாற்பட்டைத் தண்டும் எதிரெதிராக அமைந்த இலைகளும் கதிரில் அடுக்கடுக்காக மலரும் சிறு பூக்களும் அந்த உறவைக் காட்டும். மதுரையில் அழகர்கோவிலிலும் கூடலழகர் கோயிலிலும் அது பெருமாளுக்கு மாலையாகிறது. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்பனையாகிறது. இவ்வளவு பழகிய செடியைப் பற்றியும் தவறான செய்திகள் ஏராளம்.

துளசி வாடினால் வீட்டுக்குக் கேடு வரும் என்பது அவற்றுள் மிகவும் துன்பம் தருவது. செடி கருகியதும் பழி பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்மேல் விழுகிறது. அது நியாயமே இல்லாத பழி. பல்லாண்டுச் செடி என்றாலும் துளசிக்கு ஆயுள் சில ஆண்டுகளே. கதிர் முற்றி விதை பிடித்ததும் இலை சிறுத்து, தண்டு கட்டைபோல் இறுகும். பறிப்பது பாவம் என்று தயங்காமல் இளங்கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் துளிர்க்கும்; செடியும் நீடிக்கும். மதுரைச் சமவெளியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும். அந்த உப்பு, துளசி மாடத்தின் சிறு குழியில் படிந்துகொண்டே போகும். அடியில் நீர் வடியத் துளை இல்லாவிட்டால் வேர் அழுகும். இலையை ஒட்டி ஏற்றிய விளக்கின் சூடும் கருக்கும். உதிர்ந்த விதையில் முளைத்த கன்றை எடுத்து நட்டால் மாடம் வெறிச்சோடாது.

இரவிலும் துளசி ஆக்சிஜன் தரும், ஓசோனையும் வெளியிடும் என்பது படித்தவர்களிடமும் பரவிய கூற்று. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் துளசி, மற்றச் செடிகளைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். ஓசோனை அது உண்டாக்குவதில்லை. நிலமட்டத்தில் ஓசோன் நுரையீரலைத் தாக்கும் மாசு என்பதால், அதைச் செடியின் புகழாகச் சொல்வதே பொருந்தாது.

இலையில் பாதரசம் இருப்பதால் மெல்லக் கூடாது என்பதற்கும் ஆதாரமில்லை. எந்தச் செடியும் பாதரசத்தை உண்டாக்காது. மண்ணில் இருப்பதைத்தான் வேர் உறிஞ்சும். நாக்கில் உறைக்கும் காரத்துக்குக் காரணம் யூஜெனால் என்ற எண்ணெய்ப்பொருள். கிராம்பில் இருப்பதும், பல் மருத்துவர்கள் பயன்படுத்துவதும் அதுவே.

பச்சை இலை ராமதுளசியும் கருஞ்சிவப்பு இலை கிருஷ்ணதுளசியும் வெவ்வேறு இனமல்ல. ஒரே இனத்தின் நிற வேறுபாடுகள். ஆனால் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை துளசியின் விதையன்று. அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. அதே பேரினத்தின் இன்னொரு செடி.

வாசலில் துளசி இருந்தால் கொசு வராது என்பதிலும் உண்மை குறைவு. இலையிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய்க்குக் கொசுவைச் சிறிது நேரம் விரட்டும் திறன் உண்டு. தொட்டியில் நிற்கும் செடி அந்த அளவு எண்ணெயைக் காற்றில் விடாது. தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரோ டெங்குக் கொசு முட்டையிட ஏற்ற இடம்.

இருமலுக்குத் துளசிக் கஷாயம் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டுத் துளசியை நம்புவது ஆபத்து. துளசி சர்க்கரை அளவைக் குறைக்கக்கூடும் என்பதால், மாத்திரையோடு நாள்தோறும் நிறையச் சாப்பிடுவோரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்போரும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.