மார்கழியில் மூன்று ஏரிகள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல், கரிக்கிலி, மதுராந்தகம் ஆகிய மூன்று ஏரிகளையும் மார்கழியில் ஒரே நாளில் சுற்றிவரலாம். மூன்றுமே வயலுக்கு நீர் கொடுக்கும் பாசன ஏரிகள். அங்கே முதல் உரிமை விவசாயிக்கும் பறவைக்கும்தான். நாம் விருந்தாளிகள், அந்த நினைப்போடு போனால் நாள் நன்றாக அமையும்.

செய்ய வேண்டியவை

• ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பறவை வரத்து குறைந்துவிடும். நல்ல மழை பெய்திருந்தால் நவம்பரிலிருந்து மார்ச் வரை மரங்கள் நிறைந்திருக்கும்.

• காலை 6 மணிக்கு வேடந்தாங்கலில் இருங்கள். ஜிஎஸ்டி சாலையில் வருபவர்கள் படாளம் கூட்டுரோட்டில் திரும்ப வேண்டும். பனி விலகும்போது நாரைகள் இரைதேடக் கிளம்பும். மாலை 4 மணிக்குமேல் கூட்டம் கூட்டமாகக் கூட்டுக்குத் திரும்பும். நடுப்பகலை மற்ற இரண்டு ஏரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

• பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள். நத்தைகுத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையே உள்ள சந்து, சங்குவளை நாரையின் இறகில் ஓடும் இளஞ்சிவப்பு, கூழைக்கடாவின் தாடைப் பை எல்லாம் அப்போதுதான் தெரியும்.

• ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள்.

• மதுராந்தகத்தில் ஏரிக்கரையையும் ராமர் கோயிலையும் சேர்த்துப் பாருங்கள். அடைமழையில் கரை உடையவிருந்த இரவில், வில்லேந்திய ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதை அதே பிளேஸ் துரை கண்டார் என்பது ஊர் வழக்கு. ஏரி காத்த ராமர் என்ற பெயர் அதனால் வந்தது.

• டீ, இளநீர், சாப்பாடு எல்லாவற்றையும் அந்தந்த ஊர்க் கடைகளிலேயே வாங்குங்கள். நாம் வருவதால் ஊருக்கும் நாலு காசு கிடைக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• கைதட்டியோ ஹாரன் அடித்தோ பறவைகளைக் கிளப்பாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்த அரை நிமிடத்தில் காக்கை முட்டையைக் கொத்திவிடும். பறவைகள் மிரளக்கூடாது என்று வேடந்தாங்கல் ஊரார் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

• டிரோன் பறக்கவிடாதீர்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். இரண்டுமே அடைகாக்கும் பறவையைக் கூட்டைவிட்டு விரட்டக்கூடும்.

• கீழே விழுந்த குஞ்சைத் தூக்காதீர்கள். வனத்துறை ஊழியரிடம் இடத்தைக் காட்டினால் போதும்.

• குளிக்கவோ படம் எடுக்கவோ ஏரிக்குள் இறங்காதீர்கள். அடியில் சேறு எவ்வளவு என்று மேலிருந்து தெரியாது. மதகுக்குப் பக்கத்தில் நீரின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் உள்ளே கொண்டுபோகும்.

• வயல் வரப்பில் கேட்காமல் நடக்காதீர்கள். மார்கழியில் சம்பா கதிர் பிடித்து நிற்கும். வரப்பு சரிந்தால் தண்ணீர் வீணாகும். தையில் போனால் சாலையோரம் நெல் காயும். அதன்மேல் வண்டியை ஏற்றாதீர்கள்.

• விடியற்காலையில் தெருவுக்குள் வேகமாக வண்டி ஓட்டாதீர்கள். பெண்கள் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் கோலத்தையும் படம் எடுக்க ஆசையிருந்தால், “எடுத்துக்கலாமாம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

• பிளாஸ்டிக் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் கரையில் விட்டு வராதீர்கள். காற்று அவற்றை ஏரியில் தள்ளும். அங்கிருந்து மதகில் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கச் சேற்றில் இறங்குபவர் அந்த ஊர் விவசாயி.

வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமை வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே இவற்றைக் காத்துவருபவர்கள் கரையோர ஊர்க்காரர்கள். ஒரு நாள் மட்டும் வந்துபோகும் நாம், அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்வதே அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.