விறகும் விளக்கும்

திருச்செந்தூருக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த ஊர் ஆலந்தலை. இது பரதவர் வாழும் பழம்பதி. கடலினின்றும் கொணர்ந்த மீன் கெடாதிருக்கப் பனிக்கட்டி வேண்டும். பனிக்கட்டி செய்ய மின்சாரம் வேண்டும். ஆதலின் இத்தகைய ஊரார்க்கு மின்சாரம் இரவில் ஒளி தருவது மட்டுமன்று. அவர்தம் உழைப்பின் பயனைக் காப்பதும் அதுவே.

அம்மின்சாரம் எவ்வாறு பிறக்கின்றது? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. பின்னர், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் ஆற்றலுடைய ஐந்து அலகுகள் அங்கு நிறைவுற்றன. அவற்றிற்கு உணவு நிலக்கரி. நம் நாட்டு நிலக்கரி நூறு கிலோவை எரித்தால் முப்பது முதல் நாற்பது கிலோ வரை சாம்பல் எஞ்சும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுள் புதைந்து கிடந்த கரி, கரியமில வாயுவாகி வானிற் கலந்து உலகின் வெப்பத்தை மிகுவிக்கும்.

இதற்கு மாற்றாக மரத்தையும் பயிர்க்கழிவையும் எரித்து மின்சாரம் பெறும் முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்டத்தினின்றும் 1877ஆம் ஆண்டளவில் இந்நாட்டிற்கு வந்த சீமைக்கருவேல், தென் மாவட்டங்களின் தரிசுகளையும் கண்மாய்களையும் கவர்ந்துகொண்டது. அதனை விறகாகக் கொள்ளும் மின் நிலையங்கள் இராமநாதபுரம், சிவகங்கை முதலிய மாவட்டங்களில் தோன்றின. விறகைச் சிறு துண்டுகளாக்கி உலையில் இடுவர். அவ்வெப்பத்தால் கொதிகலத்து நீர் அழுத்தம் மிக்க நீராவியாகும். நீராவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்னாக்கியை இயக்கும்.

விறகில் சாம்பல் மிகக் குறைவு, கந்தகமும் குறைவு. எனினும் புகையே இல்லை என்று எண்ணுதல் பிழை. ஈர விறகு செவ்வனே எரியாது. நச்சுத்தன்மை வாய்ந்த கார்பன் மோனாக்சைடையும் கரித்தூளையும் கக்கும். ஆதலின் விறகை உலர்த்துதலும், உலைக்கு வேண்டிய காற்றை ஊட்டுதலும் இன்றியமையாதன. புகையிலுள்ள நுண்துகளுக்கு மின்னேற்றித் தகடுகளில் ஒட்டச்செய்யும் கருவியோ, துணிப்பை வடிகட்டியோ புகைபோக்கிக்கு முன் அமைதல் வேண்டும்.

உலர்ந்த மரத்தில் ஏறத்தாழச் சரிபாதி கரியே. ஒரு கிலோ மரம் எரிந்தால் 1.8 கிலோ அளவு கரியமில வாயு வெளிப்படும். மரம் வளருங்கால் காற்றினின்றும் பெற்றதைத்தானே திருப்பித் தருகின்றது என்பர் சிலர். அது மெய்யே. ஆயினும் ஒரு நொடியில் எரிந்ததை மீண்டும் ஈட்ட மரத்திற்குப் பல்லாண்டு வேண்டும். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளராவிடின் அக்கடன் தீராது.

அளவையும் நோக்குதல் வேண்டும். 10 மெகாவாட் நிலையம் ஒன்று நாள் முழுதும் இயங்கினால் 2,40,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ விறகு எனக் கொண்டால், நாளொன்றுக்கு 300 டன் விறகு வேண்டும். தூத்துக்குடியின் ஐந்து அலகுகள் 1,050 மெகாவாட். அத்துணையும் விறகாலேயே பெறக் கருதின் நாள்தோறும் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். எந்தக் காடு அதனைத் தாங்கும்?

எனவே, விறகு நிலக்கரியின் இடம் முழுவதையும் கொள்ளவல்லது அன்று. கழிவாய்க் கிடப்பதைப் பயனாக்கும் துணையே ஆகும். நடுவண் அரசின் மின் அமைச்சகம், அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் பயிர்க்கழிவுக் கட்டிகளைக் கலந்து எரிக்குமாறு 2021ஆம் ஆண்டு வகுத்த கொள்கையும் இவ்வளவறிந்து செயற்படுவதே.

சீமைக்கருவேலை அகற்றிய நிலத்தில் வேம்பும் புங்கும் நடுக. அப்பொழுதுதான் விளக்கும் எரியும், நிலமும் தழைக்கும்.